கையை எடுக்காதீங்க

முதல்ல வெளக்குமாறு. அப்புறம் மணைப்பலகை. தொடைக்கறதுக்குப் பழைய பனியன் துணி, ஈரம் பண்ணி. எண்ணெய்க் குப்பி. சாமானெல்லாம் ரெடி, இனிப் பரீட்சைதான். மாசாமாசம் முதல் ஞாயித்துக்கெழமை, பொழுது சாயற நேரமாப் பார்த்து, என்ற பையன் கிருபா அமெரிக்காவுல இருந்து வீடியோவுல கூப்பிடுவான். அங்க அவனுக்கு அப்பத்தான் விடிஞ்சிருக்கும். தலையெல்லாம் கலைஞ்சு, கையில காப்பியோட உக்காந்துட்டு, "ஆரம்பிக்கலாமுங்ளாப்பா"ம்பான். நான் இங்க கோயமுத்தூர்ல, எங்க வீட்டுக் கார் செட்டுல, போனைப் பெயிண்ட் டப்பா மேல சாச்சு வெச்சுட்டு இந்த ரிமோட் கதவுக்குப் பரீட்சை வெப்பேன். ஊருல அப்பன்மாருக்குப் பிரஷர் எவ்வளவு, சுகர் எவ்வளவுன்னு கேக்கற பசங்க உண்டு. என்ற பையன் கதவு எப்படி இருக்குதுன்னு கேப்பான். குத்தஞ்சொல்லலை. இந்தக் கதவை நம்பித்தான் அவங்கம்மா இன்னும் இந்த வீட்டுல இருக்கறா. கதவே அவன் பண்ணுன ரவுசுதான். வீடு கட்டறப்ப, அங்க அவன் வீட்டுல இருக்கறாப்பலயே இங்கயும் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னான். பட்டனை அமுக்குனா மடிப்பு மடிப்பா மேல ஏறிப்போய் கூரைக்கு அடியில படுத்துக்கும். காளப்பட்டிக்கே அது அதிசயம். பக்கத்து லேஅவுட்டுல இருந்தெல்லாம் வந்து பார்த்தாங்க, வந்தவங்களுக்கெல்லாம் என்ற ஊட்டுக்காரி சுலோச்சனா காப்பி போட்டுக் குடுத்துக் குடுத்து, "இனி நீங்களே வாசல்ல டிக்கெட் வெச்சு உக்காந்துக்குங்க"ன்னு என்னைச் சீண்டுனா. அப்ப அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருந்துச்சு. யாருக்குச் சக்கரை போடக்கூடாதுங்கற வரைக்கும்.

இன்னும் போன் வரலை. வரட்டும், அதுக்குள்ள பலகையை ஒருதடவை வெச்சுப் பாத்துடலாம். இருபத்தெட்டு வருசம் கவர்மெண்ட் ஸ்கூல்ல பி.டி. மாஸ்டரா இருந்தவன், இன்ஸ்பெக்‌ஷன் வாரதுக்கு முன்னாடி ஒரு ரிகர்சல் பாக்காம இருந்ததே இல்லை. கதவு கீழ வந்து முட்டற எடத்துல பலகையைப் படுக்கவெச்சு, பட்டனை அமுக்கிட்டுத் தள்ளி நின்னேன். இந்தக் கதவுக்குக் காவல் ரெண்டு. ஒண்ணு கண்ணு. ரெண்டு பக்கமும் தரையில இருந்து ஒரு சாண் ஒசரத்துல தீப்பெட்டி மாதிரி ஒவ்வொண்ணு, ஒண்ணையொண்ணு மொறைச்சுப் பாத்துட்டே இருக்கும். நடுவுல ஒரு காலோ பூனையோ குறுக்க வந்தாப் போதும், எறங்கற கதவு நின்னு திரும்பி மேல போயிரும். ரெண்டாவது, கதவோட அடி. கீழ எதையாவது தொட்டுச்சுன்னா அதுவே கூச்சப்பட்டுத் திரும்பணும். அந்தக் கூச்சம் இருக்குதான்னு பாக்கத்தான் பலகை. ஆனா நான் பட்டனைத் தட்டுனா கதவு ஒரு அடி எறங்கி மேலயே போயிருச்சு. மறுக்காத் தட்டுனேன், அதே கதை. அப்பத்தான் குனிஞ்சு பாத்தேன். கண்ணுல சந்தனம். மேல குங்குமம். சுலோச்சனா சோடிச்சு வெச்சிருக்கறா. நோம்பிக்கு ஆட்டுரலுக்கு வெக்கற மாதிரி, ரெண்டு கண்ணுக்கும், நட்டநடுவுல.

அது நான் பண்ணுன வேலை. வியாழக்கெழமை ஆயுத பூசை. எல்லா வருசமும் சந்தனக் கிண்ணத்தோட அவதான் சுத்தி வருவா. மிக்ஸி, கிரைண்டர், கேஸ் அடுப்பு, என்ற ஸ்கூட்டர், காரு, மோட்டார் சுவிட்ச், டீவி ரிமோட்டு, என்ற பழைய விசில் ஒண்ணு இருக்குது அதுக்குக்கூட. இந்த வருசம் அவளுக்கு அது எதுக்கு இது எதுக்குன்னே தெரியலை, சீப்பை எடுத்து எலுமிச்சம்பழம் அறுக்கப் பாக்கறா, ஆனா சந்தனக் கிண்ணத்தைக் கையில குடுத்ததும் அந்தக் கை இருக்குதே, அது மறக்கலை. மோதிர விரல்ல தொட்டு, வழியாம, வட்டமா ஒரு பொட்டு, அதும்மேல குங்குமத்துல ஒரு துளி. சரி வெச்சுக்கட்டும், ஒரு நாளு நிம்மதியா இருந்தாளேன்னு கிண்ணத்தை வாங்கி வெக்கலை. அதோட விட்டாளா? வெள்ளி, சனி, ஞாயிறு, அவளுக்கு ஆயுத பூசை இன்னும் முடியலை. ஓடறது எதைப் பாத்தாலும் பொட்டு வெச்சுடறா. காலையில எந்திரிச்சா ஃபேன் ரெகுலேட்டர்ல பொட்டு, என்ற கண்ணாடிக் கூட்டுல பொட்டு. கதவோட கண்ணை ஈரத்துணியில தொடச்சேன். காஞ்சு போன சந்தனம் லேசுல வருமா, அழுத்தித் தொடச்சேன், அதை மாட்டியிருந்த தகரம் கோணிக்கிச்சு. நிமித்துனா அந்தப்பக்கம் கோணுது, அந்தப்பக்கம் நிமித்துனா இந்தப்பக்கம். கண்ணுக்குள்ள பச்சையா எரிய வேண்டிய வெளக்கு கண்ணடிக்குது. அட கெரகமே. ரெண்டும் இப்ப நேருக்கு நேர் பாக்க மாட்டேங்குது, எனக்கும் அவளுக்கும் ஆன மாதிரி.

மெக்கானிக்குக்குப் போன் போட்டா, "நோம்பிக்கு ஊருக்கு வந்துட்டனுங் சார், பொதங்கெழமை வந்து பாத்துடறனுங்"ன்னான். பொதங்கெழமை வரைக்கும் இந்தக் கதவைத் தொறந்து போட்டு வெக்க முடியுமா? முன்வாசக் கதவுல மூணு தாப்பா, அவளுக்கு ஒண்ணுகூட எடுக்கத் தெரியாது. கார் செட்டுக்கு வார உள் கதவுக்குத்தான் பூட்டே கெடையாது, அமெரிக்கா பிளான். இந்தப் பட்டனை மட்டும் அவளுக்கு நல்லாத் தெரியும். எட்டாம இருக்கட்டும்னு மேல தூக்கி மாட்டவெச்சேன், ஸ்டூலைப் போட்டு ஏறறா, கதவு ஏறற சத்தங்கேட்டு நான் ஓடி வந்து புடிக்கணும். சாயங்காலமானா அவளுக்கு வாசலுக்குப் போயே ஆகணும். பையன் ஸ்கூல் வேன்ல வந்து எறங்குவானாம், யாராச்சும் நிக்கலைன்னா அழுவானாம். அந்தப் பையனுக்கு நாப்பது தாண்டிப் பொடனி மயிரெல்லாம் நரைக்குது, அவன் புள்ளை அங்க ஸ்கூல் வேன்ல போறான். சொன்னா ஏறுமா? ஆறு மாசம் முந்தி ஒரு நா நான் சித்த நேரம் கண்ணசந்துட்டேன். முழிச்சுப் பாத்தா கதவு ஆன்னு தொறந்து கெடக்குது, அவ இல்லை. தெருத்தெருவாத் தேடுனேன். கடைசில பஸ் ஸ்டாப்புல நிக்கறா, காலேஜ்ப் புள்ளைங்களுக்கு நடுவுல, நைட்டி மேல துண்டைப் போட்டுட்டு, ஒவ்வொரு வேனா எட்டிப் பாத்துட்டு. கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து கதவை மூடப் பட்டனைத் தட்டுனேன், இவ சடார்னு கையை உருவிட்டு மறுபடி வெளிய ஓடறா, கதவு பாதிக்கு வந்துருச்சு, தலைக்கு நேரா. கண்ணு பாத்துருச்சு. கதவு நின்னுச்சு, மேல போச்சு. என்ற நெஞ்சு நிக்கலையே ஒழிய மத்ததெல்லாம் நின்னுச்சு. கார் செட்டுல மாட்டியிருக்கற கேமராவுல கிருபா அங்கிருந்து அதைப் பாத்துட்டான். அன்னைக்கு ராத்திரி போன்ல அழுதான். "அந்தக் கதவு மட்டும் திரும்பலைன்னா என்னாயிருக்கும், சொல்லுங்கப்பா"ன்னான். வடவள்ளிப் பக்கம் ஒரு எடம் இருக்குதாம், மறதிக்காரங்களை வெச்சுப் பாத்துக்கறதுக்குன்னே. அவனே வீடியோவுல பாத்துப் பேசி வெச்சுட்டான். தோட்டம் இருக்குதாம், நர்சு இருக்காங்களாம், மத்தியானம் பாட்டுப் போடுவாங்களாம். நான் முடியாதுன்னுட்டேன். நான் இருக்கற வரைக்கும் அவளை எவங்கையிலயும் குடுக்க மாட்டேன்டான்னு கத்துனேன். அப்புறம் ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்தோம். கதவு பரீட்சையில பாஸ் ஆகற வரைக்கும் அம்மா வீட்டுல. என்னைக்குக் கதவு ஃபெயிலோ அன்னைக்கு வடவள்ளி. வாய் வார்த்தைதான், ஆனா அவன் புடிச்சா புடிதான், எனக்குப் பொறந்தவன்.

கண்ணு கெட்டுப்போனாலும் கதவை மூட ஒரு வழி இருக்குதுன்னு எனக்குத் தெரியும். பட்டனைத் தட்டி விடாம, அமுக்கிப் புடிச்சுட்டே நிக்கணும். அப்ப கதவு கண்ணைக் கேக்காது, அமுக்கற கையைத்தான் கேக்கும். கையை எடுத்தா மேல போயிரும். அப்படி அமுக்கிப் புடிச்சுத்தான் இப்பப் பலகையை வெச்சுப் பாத்தேன். கதவு வந்துச்சு. பலகையைத் தொட்டுச்சு. தொட்டுத் திரும்புமுன்னு நிக்கறேன், திரும்பலை. அமுக்குச்சு. மேல மோட்டார் மொனகுது, கதவு முதுகு வளையுது, பலகை டப்புன்னு ஒரு சத்தம் போட்டு நடுவுல கீறல் விட்டுருச்சு. கையை எடுத்தேன். மேல போச்சு. அது பூசை ரூம்பு மணை, கட்டையான பலா, அதுல எத்தனை பேர் உக்காந்து எந்திரிச்சிருப்பாங்க. போன மாசம் நல்லாத்தான திரும்புச்சு? என்ன கேடு வந்துச்சு? எண்ணெய் போட்டேன், மறுபடி வெச்சேன், மறுபடி அமுக்குச்சு. ஆக ரெண்டு காவலும் போச்சு. கண்ணும் போச்சு, கூச்சமும் போச்சு. இப்ப இந்த வீட்டுல மிச்சம் இருக்கறது என்ற கட்டைவெரல் ஒண்ணுதான்.

போன் அடிக்குது. "ஏனுங்ப்பா, மூச்சு வாங்குது? ஓடுனீங்களா?" "எண்ணெய் போட்டேன்டா." "அம்மா எங்கீங்க?" "உள்ள. சந்தனக் கிண்ணத்தைக் குடுத்து அடுப்படியில உக்கார வெச்சிருக்கறேன்." அவன் சிரிச்சான், பாவம், சிரிச்சுட்டுக் கண்ணைத் தொடச்சான். கண்ணைப் பத்தி மறைக்க முடியாது, கேமராவுல வெளக்குக் கண்ணடிக்கறது தெரியுது. சொன்னேன், சந்தனம், தொடச்சேன், கோணிக்கிச்சு, பொதங்கெழமை ஆள் வாரான். கிருபா கேமராவுக்குக் கிட்ட வந்து பாத்தான். அவன் மூஞ்சி அவங்கம்மா மூஞ்சி, யோசிச்சா கீழ் ஒதட்டை மடிச்சுக் கடிப்பான். "கண்ணு பரவால்லீங்ப்பா, அது ரிப்பேர் பண்ணிக்கலாம். பலகை வெச்சுப் பாருங்க. அது பாஸாச்சுன்னா பொதங்கெழமை வரைக்கும் ஓட்டிக்கலாம். பட்டனை அமுக்கிப் புடிச்சுட்டே இருக்கணும், தெரியுமல்ல? முழுசா வார வரைக்கும் கையை எடுக்காதீங்க." தெரியும்டா. எனக்கா சொல்லித் தாரே? கீறல் தரையைப் பாக்கற மாதிரி மணையைத் திருப்பி வெச்சேன். போய்ப் பட்டன்ல கட்டைவெரலை வெச்சேன். அமுக்கும்போதே எனக்குத் தெரியும் என்ன பண்ணப் போறேன்னு. நூறு மீட்டர் ஓட்டத்துக்கு விசில் ஊதுனவன் நான். பையன் கால் கோட்டைத் தாண்டறதுக்கு முன்னாடி என்ற கண்ணு புடிச்சுரும், ஃபால்ஸ் ஸ்டார்ட்டு, திரும்பி வாடா. டம்ளர் மேசையில இருந்து விழறப்ப பாதியில புடிச்சிருக்கறேன், கல்யாணமான புதுசுல சுலோச்சனா அதுக்குன்னே டம்ளரைத் தட்டி விடுவா, பாக்கலாம் புடிங்கன்னு. கதவு எறங்குது. பலகைக்கு நாலு வெரக்கடை, ரெண்டு, தொட்டுருச்சு, அந்த நொடியில கையை எடுத்தேன். கதவு அப்படியே திரும்பி மேல போச்சு. பாக்கறவனுக்குத் தானாத் திரும்புன மாதிரியே இருக்கும். "சூப்பருங்ப்பா! கையை எடுக்கலைல்ல?" "எடுக்கலைடா." "அப்பப் பாஸ்." "பாஸ்." பையனுக்கு மூஞ்சியெல்லாம் வெளிச்சம். ஜெயிச்சுட்டேன். சுலோ, ஜெயிச்சுட்டேன். ஸ்போர்ட்ஸ் டேயில கப்பு வாங்குன மாதிரி ஒரு நிமிசம் நெஞ்சு நிமிந்துச்சு, அடுத்த நிமிசம் யாரை ஏமாத்துனேன்னு நெனைச்சா ஒண்ணும் புரியலை. அவனை ஏமாத்துனேன். சரி. கதவை ஏமாத்துனேன். அதுவும் சரி. எதுக்கு? இவளை இந்த வீட்டுலயே வெச்சுக்க. எதுக்கு வெச்சுக்கணும்? அவளுக்கு இது வீடுன்னே தெரியாது. நேத்து எங்கிட்டக் கேக்கறா, "உங்களுக்கு வீடு எங்கீங்க? பொழுதாயிருச்சே, உங்க ஊட்டுல தேட மாட்டாங்ளா?" மரியாதையாத்தான் கேட்டா, எப்பவும் மரியாதைக்காரி. தேட மாட்டாங்கம்மான்னு சொன்னேன். "பாவமுங்க"ன்னா.

"அம்மாவைக் காட்டுங்கப்பா"ன்னான். போனை எடுத்துட்டு உள்ள போனேன். அடுப்படியில குக்கருக்குப் பொட்டு வெச்சுட்டு இருந்தா. "இங்க பாரு சுலோ, யாரு பாரு." போனை உத்துப் பாத்தா. "யாருங்க இந்தத் தம்பி? சரியாச் சாப்பிடறதில்லையாட்ட இருக்குது"ன்னா. கிருபா, "சாப்பிட்டனுங்மா, சாப்பிட்டனுங்"ங்கறான், குரல் ஒடையுது. "ஊட்டுல சொல்லி வெரசா ஒரு கல்யாணம் பண்ணிக்கங்க தம்பி, சோறாக்கிப் போட ஆள் வேணும்"னா. எங்கிட்டத் திரும்பி, "வேன் வந்துருச்சுங்ளா?" "வரும், உக்காரு." ஒரு நாளைக்கு எத்தனை தடவை வரும் வரும்னு சொல்றது? நாக்குக் காச்சுப் போச்சு. நான் போனைச் சட்டைப் பாக்கெட்டுல போட்டுட்டு, ரூம்புல அவ ராத்திரி மாத்திரையை எடுத்து வெச்சுட்டு மறுபடி கார் செட்டுக்கு வந்தேன், கதவை மூடணும், இன்னும் கொஞ்ச நேரத்துல இருட்டிரும். பாக்கெட்டுக்குள்ள இருந்து கிருபா பேசிட்டே வாரான், அவன் பையன் ஃபுட்பால்ல கோல் அடிச்சானாம், தாத்தா மாதிரி நல்லா ஓடறானாம். "சரிடா, இரு, கதவை மூடிக்கறேன்." "மூடுங்கப்பா. கையை எடுக்காதீங்க." பட்டனை அமுக்குனேன். பட்டன்மேல ஈரமா என்னமோ இருந்துச்சு, கண்டுக்கலை.

கதவு எறங்குது. சத்தம் நல்லாத்தான் இருக்குது, எண்ணெய் போட்டது வேலை செய்யுது. இந்தக் கையைத் தூக்கிப் புடிச்சுட்டு நிக்கறதுதான் தோளு வலிக்குது. பட்டனை ஒசரத்துல வெச்சது தப்பாப் போச்சு. இன்னைக்கு ராத்திரி அவளுக்கு மாத்திரை குடுக்கணும், துப்புவா. அப்புறம் பாய் மாத்தணும், நைட்டி மாத்தணும், மாத்தறப்ப அடிப்பா, யாரோ ஒரு ஆம்பளை தொடறான்னு நெனைச்சுக்கிட்டுக் கத்துவா, பக்கத்து ஊட்டுல வெளக்குப் போடுவாங்க. முந்தாநா காதோட சேத்து ஒண்ணு விட்டா, இன்னும் கொய்யிங்குது. தூங்குனா பரவால்லை. தூங்க மாட்டா. நானும் தூங்கி எத்தனையோ நாளாச்சு, நிக்கறப்பவே கண்ணு சொருகுது. பொதங்கெழமை வரைக்கும் தள்ளணும். பொதங்கெழமைக்கு அப்புறம்? அதுக்கு அடுத்த மாசம் பரீட்சை. அதுக்கடுத்த மாசம். கதவு எறங்குது. வெளிய வெயில் சுருங்கிட்டே வருது, தரையில ஒரு பட்டையா மஞ்சளா, அந்தப் பட்டைக்குள்ள ஒரு நைட்டியோட ஓரம். நான் அதைப் பாத்தேன். பாத்தேங்கறதுல சந்தேகமே இல்லை. பக்கத்துச் சந்து வழியா எப்ப வந்தாளோ, அடுப்படிப் பின்கதவை நான் சாத்தலை, சந்தனக் கிண்ணத்தோட வந்து கதவு எறங்கற கோட்டுக்கு நேரா, அந்தக் கோணக் கண்ணுக்கு முன்னாடி குத்த வெச்சு உக்காந்துட்டா. நான் தொடச்சுட்டேனல்ல, பொட்டு இல்லாம இருக்குதல்ல, மறுபடி வெக்கறா. முதுகு எனக்கு. நரைச்ச கொண்டை. மேல கதவு. கையை எடுத்தாப் போதும். கையை எடுடா. நாலு பேரைக் கூப்பிட வேண்டாம், ஓட வேண்டாம், கட்டைவெரலைத் தூக்குனா போதும், பாஸானதே அப்படித்தான். நான் அந்த வெரலைப் பாக்கறேன். அது அமுக்கிட்டே இருக்குது. கதவு எறங்குது. எனக்குப் பயமா இருந்துச்சான்னு கேட்டா, இல்லை, அதுதான் பயம். ஒரு மாதிரி அமைதியா இருந்துச்சு. எல்லாச் சத்தமும் தூரமாப் போச்சு, பாக்கெட்டுக்குள்ள பையன் கோல் கோல்ங்கறான், அதுவும் தூரமா. ஒரு நிமிசந்தான். அப்புறம் மாத்திரை கெடையாது. பாய் கெடையாது. வேன் கெடையாது. அவளுக்கும் அலைச்சல் கெடையாது, ஒவ்வொரு வேனா எட்டிப் பாக்க வேண்டியதில்லை, நானும் படுத்துத் தூங்குவேன், கதவுதான் கெட்டுப்போச்சுன்னு எல்லாருக்கும் தெரியுமே, சந்தனம் வெச்சது அவ, கோணிக்கிச்சு, மெக்கானிக் ஊருல இல்லை, யாரும் யாரையும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. இவ்வளவும் நெனைச்சேன். நெனைக்கறதுக்கு நேரம் இருந்துச்சு. டம்ளர் விழறதுக்குள்ள புடிக்கறவன், இவ்வளவும் நெனைக்கற வரைக்கும் நின்னேன். கதவோட ரப்பர் அவ முதுகைத் தொட்டுச்சு. அவ திரும்பலை. யாரோ பின்னாடி வந்து தோளைத் தொட்ட மாதிரி, பொறுமையா, "சித்த இருங்க, வெச்சுட்டு வந்துடறனுங்"ன்னா.

கதவு மேல போச்சு. கை பட்டன்ல இல்லை. கட்டைவெரல்ல சந்தனம். நான் மாத்திரை எடுக்கப் போன நேரத்துல ஸ்டூலைப் போட்டு ஏறி அந்தப் பட்டனுக்கும் பொட்டு வெச்சிருக்கறா, தண்ணியாக் கொழைச்ச சந்தனம், காயவே இல்லை. நான் எடுத்தனா? வழுக்குச்சா? வெரலை மூஞ்சிக்கு நேராப் புடிச்சுப் பாக்கறேன், அது சொல்லுமா? எடுத்தேன்னுதான் நெனைக்கறேன். அவ பேசுன ஒடனே எடுத்தேன். இல்லை, அவ பேசறப்பவே கதவு மேல போயிட்டு இருந்துச்சு. அப்ப அதுக்கு முன்னாடி எடுத்தேன். முன்னாடின்னா எப்ப? ஃபால்ஸ் ஸ்டார்ட்டு புடிக்கற கண்ணு இல்லையா உனக்கு, சொல்லுடா மாஸ்டர், எப்ப? ரப்பர் அவ முதுகைத் தொட்டது வரைக்கும் தெரியும். அவ சொன்னது தெரியும். நடுவுல ஒரு துளி எடம் இருக்குது, அதுல நான் எங்க இருந்தேன்னு தெரியலை. ஓடிப்போய் அவ கையைப் புடிச்சேன், முதுகைத் தடவிப் பாத்தேன், ஒண்ணுமில்லை, நைட்டியில ரப்பர்த் தூசி ஒரு கோடு, தட்டி விட்டேன், போகலை, மறுபடி தட்டுனேன். "விடுங்க, விடுங்க, எம்மேல என்ன தூசியா"ன்னு சிரிச்சா. அப்படியே தரையில உக்காந்துட்டேன். சாமி. என்ன பொழப்பு இது. இவளை எவங்கையிலயும் குடுக்க மாட்டேன்னு கத்துனனே, அந்தக் கை எது? இந்தக் கைதான. இந்தக் கையில குடுத்து வெச்சுக்கறதுக்குத்தான் அத்தனை சண்டை, ஒரியாட்டம் பண்ணுனேன். நாளைக்குச் சாயங்காலமும் கதவை மூடணும். நாளன்னைக்கும் மூடணும். கண்ணை நேராக்கிடலாம், மெக்கானிக் வந்து ஒரு திருகு திருகுனா ஆச்சு, அந்தக் கூச்சத்தையும் வரவெச்சுரலாம், புதுச் சாமான் போட்டா ஆச்சு. மிச்சத்துக்கு எந்த மெக்கானிக்கைக் கூப்பிடறது?

"அப்பா? அப்பா, என்னாச்சுங்? மூடிட்டீங்களா?" பாக்கெட்டு பேசுது. போனை வெளிய எடுத்தேன். எடுத்த எடத்துல சட்டையில சந்தனம் ஆயிருச்சு. "கிருபா." "சொல்லுங்ப்பா." "அந்த வடவள்ளிக்காரங்களுக்குச் சொல்லிரு." "என்னங்ப்பா திடீர்னு? கதவுதான் பாஸ் ஆயிருச்சே. நான் பாத்தனே." "கதவு பாஸ்தான்டா." "அப்புறம் ஏனுங்?" அவன் கேமராவைப் போட்டுப் பாத்தான்னா அதுல எல்லாம் இருக்கும், பாப்பானா, பாக்கட்டும், நான் சொல்றதுக்கு வாயில்லை. "எனக்கு முடியலை சாமி"ன்னேன். இத்தனை வருசத்துல அந்தப் பேச்சை அவங்கிட்ட நான் பேசுனதே இல்லை. அங்க அவன் காப்பிக் கப்பை வெக்கற சத்தம் கேட்டுது. அப்புறம் மொள்ள, கொழந்தைகிட்டப் பேசற மாதிரி, "சரிங்ப்பா. நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க. நான் இப்பவே பேசிடறேன். காலையில அவங்களே வேன் அனுப்பிருவாங்க. அம்மா துணி மட்டும் எடுத்து வெச்சுடுங்க. நான் அடுத்த வாரம் டிக்கெட் போட்டு வந்துடறேன்." "சரி." "கதவு?" "அது இருக்கட்டும்." வெச்சுட்டான். வெக்கறதுக்கு முன்னாடி அவன் அழுத மாதிரி இருந்துச்சு, நெட்வொர்க்காவும் இருக்கலாம்.

கதவு தொறந்தே கெடக்குது. அந்தப் பட்டன்ல இன்னைக்கு நான் கையை வெக்க மாட்டேன். சுலோச்சனாவை இழுத்துப் பக்கத்துல, அந்தக் கீறல் விட்ட மணை மேல உக்கார வெச்சு, அவ கையை என்ற ரெண்டு கைக்குள்ளயும் வெச்சுக்கிட்டேன். உருவப் பாத்தா, நான் விடலை. ரோட்டுல ஐ.டி. கம்பெனி வேனுங்க ஒவ்வொண்ணா வெளக்குப் போட்டுட்டுப் போகுது, ஒவ்வொண்ணுக்கும் இவ கழுத்தை நீட்டறா. அவ துணியில எதையெதை எடுத்து வெக்கறது? அந்த அரக்குக் கலர் சேலை? அங்க சேலை கட்ட விடுவாங்களோ என்னமோ. சந்தனக் கிண்ணத்தையும் வெச்சு அனுப்பணும், அங்கயும் ஃபேன் இருக்கும், மிக்ஸி இருக்கும். சொல்லி விடணும், அவ பொட்டு வெச்சாத் திட்டாதீங்கன்னு. என்ற கையைப் பாத்தா. வெரல்ல அழிஞ்சு கெடந்த சந்தனத்தை முந்தானைன்னு நெனைச்சுக்கிட்டு நைட்டி ஓரத்துல தொடச்சா. கிண்ணத்துல இருந்து புதுசாத் தொட்டு, என்ற கட்டைவெரல் நகத்து மேல, வழியாம, வட்டமா ஒரு பொட்டு வெச்சா. மேல குங்குமம். தலையைச் சாச்சு அழகா இருக்குதான்னு பாத்தா. அப்புறம் ரோட்டைப் பாத்துட்டு, "வேன் வந்துருச்சுங்ளா?"ன்னா.

"காலையில வருது, சுலோ"ன்னேன்.